பீட் ஹாம்: பாடல்களும் மதிப்பீடும்

பீட் ஹாம் (ஏப்ரல் 27, 1947 – ஏப்ரல் 24, 1975) வேல்ஸ் நாட்டைச் சேர்ந்த பாடலாசிரியர், பாடகர், கிதார் கலைஞர். பேட்ஃபிங்கர் என்னும் பிரிட்டிஷ் ராக் இசைக்குழுவின் முதன்மைப் படைப்பாளி. பவர் பாப் என்று பின்னாளில் பெயர் பெற்ற இசைவகைக்கு அடித்தளம் இட்டவர்களில் ஒருவராகக் கருதப்படுகிறார். ‘நோ மேட்டர் வாட்’, ‘டே ஆஃப்டர் டே’, ‘பேபி ப்ளூ’ ஆகிய பாடல்கள் அவர் தனித்து எழுதியவை. ‘வித்தவுட் யூ’ பாடலைச் சக கலைஞர் டாம் எவன்ஸுடன் சேர்ந்து எழுதினார்.

ஹாமைப் பற்றி எழுதப்படுபவை பெரும்பாலும் இரண்டு பக்கம் சாய்கின்றன. பீட்டில்ஸ் குழுவின் நிழலில் வளர்ந்து, அவர்களைப் போலவே பாட முயன்றவர் என்பது ஒரு பார்வை. மேலாளரை நம்பி ஏமாந்து 27 வயதில் உயிரை மாய்த்துக்கொண்டவர் என்ற சோகக் கதை மற்றொன்று. இரண்டிலும் உண்மை உண்டு. ஆனால் முதலாவது அவர் பாடல்களைக் கேட்பதற்கு முன்பே அவற்றின் மதிப்பைக் குறைத்துவிடுகிறது. இரண்டாவது, எல்லாப் பாடல்களையும் மரணத்தின் முன்னறிவிப்பாக மாற்றிவிடுகிறது. ஹாம் எழுதிய பாடல்கள் எவ்வாறு இயங்குகின்றன, பிறர் பாடியபோது அவை எவ்வாறு மாறின என்பதைப் பார்த்தால் இவ்விரண்டுக்கும் அப்பாற்பட்ட ஒரு படைப்பாளி தெரிகிறார்.

பாடலாசிரியர் என்னும் சொல்

தமிழ் வாசகர்களுக்கு இங்கே ஒரு விளக்கம் தேவைப்படலாம். தமிழ்த் திரைப்பாடல் மரபில் பாடலாசிரியர் சொற்களை எழுதுகிறார், இசையமைப்பாளர் மெட்டமைக்கிறார், பின்னணிப் பாடகர் பாடுகிறார். மூவரும் வெவ்வேறு ஆட்கள். 1960களுக்குப் பின் வந்த பிரிட்டிஷ், அமெரிக்க ராக் குழுக்களில் இம்மூன்றையும் பெரும்பாலும் ஒருவரே செய்தார். ஹாம் சொல்லும் மெட்டும் எழுதினார், பாடினார், கிதாரும் பியானோவும் வாசித்தார். எனவே அவர் பாடல் வரிகளை மட்டும் தனியே பிரித்துக் கவிதையாகப் படித்து மதிப்பிடுவது பொருந்தாது. தாளில் படித்தால் அவை சாதாரணமாகவே இருக்கும். மெட்டோடு சேர்ந்தபோதுதான் அவற்றுக்குப் பொருள் கூடுகிறது.

மற்றொன்று, பாடலின் கட்டுமானம். நம் பாடல்களில் பல்லவி முதலில் வரும், சரணங்கள் பின்னால் வரும். மேலைப் பாப் பாடலில் பொதுவாகச் சரணம் முதலில் வந்து, கேட்பவரைச் சிறிது காக்கவைத்து, அதன் பிறகே பல்லவியைத் தருகிறது. இந்தக் காத்திருப்பை எப்படிக் கையாள்வது என்பதில்தான் பாடலாசிரியரின் திறமை இருக்கிறது.

பவர் பாப் என்ற பெயரை 1967ல் த ஹூ குழுவின் பீட் டவுன்ஷெண்ட் ஒரு நேர்காணலில் பயன்படுத்தினார். ஏறத்தாழ மூன்று நிமிட நீளம், ஒருமுறை கேட்டாலே மனத்தில் தங்கும் மெட்டு, பல குரல்கள் இணைந்து பாடும் ஒத்திசைவு, இவற்றுக்கு அடியில் ராக் இசையின் உரத்த மின்கிதார் ஆகியவை இவ்வகையின் அடையாளங்கள். இனிமையும் முரட்டுத்தனமும் ஒரே பாடலில் இருக்கவேண்டும். அமெரிக்காவின் ராஸ்பெரீஸ், பிக் ஸ்டார் ஆகிய குழுக்களின் முதல் தொகுப்புகள் 1972ல் வந்தன. ஹாமின் ‘நோ மேட்டர் வாட்’ அதற்கு இரண்டாண்டு முந்தையது.

ஸ்வான்சீ முதல் லண்டன் வரை

ஹாம் வேல்ஸின் துறைமுக நகரமான ஸ்வான்சீயில் பிறந்தார். பதின்ம வயதிலேயே உள்ளூர் நண்பர்களுடன் குழு அமைத்துப் பாடத் தொடங்கினார். அக்குழு பின்னர் ஐவீஸ் என்று பெயர் பெற்றது. ஐவி பிளேஸ் என்பது ஸ்வான்சீயில் உள்ள ஒரு தெருவின் பெயர். 1966ல் பில் காலின்ஸ் என்பவர் மேலாளராகப் பொறுப்பேற்றுக் குழுவினரை லண்டனுக்கு அழைத்துச் சென்றார். கோல்டர்ஸ் கிரீன் பகுதியில், பார்க் அவென்யூ 7ஆம் எண் வீட்டில் அனைவரும் ஒன்றாகத் தங்கினர். அங்கே எளிய ஒலிப்பதிவுக் கருவியை வைத்துக்கொண்டு ஹாம் தன் பாடல்களைப் பதிவு செய்து பழகினார். 1967ல் லிவர்பூலைச் சேர்ந்த டாம் எவன்ஸ் குழுவில் சேர்ந்தார்.

பீட்டில்ஸின் நெருங்கிய உதவியாளரான மால் எவன்ஸ் (டாம் எவன்ஸுக்கு உறவினர் அல்லர்) ஐவீஸ் குழுவின் பாடல்களைக் கேட்டு அவர்களுக்காகப் பரிந்து பேசினார். அதனால் 1968ல் பீட்டில்ஸ் தொடங்கிய ஆப்பிள் நிறுவனத்துடன் ஒப்பந்தம் ஏற்பட்டது. முதல் இசைத்தொகுப்பு சில நாடுகளில் மட்டுமே வெளியாகிக் கவனிக்கப்படாமல் போனது. பிறகு பால் மெக்கார்ட்னி தான் எழுதிய ‘கம் அண்ட் கெட் இட்’ பாடலைக் குழுவுக்குக் கொடுத்தார். அதை ஏற்கெனவே தனியாகப் பாடிப் பதிவுசெய்திருந்த மெக்கார்ட்னி, அந்தப் பதிவில் உள்ளபடியே பாடவேண்டும் என்று கேட்டுக்கொண்டார். அப்படியே பாடினார்கள். இந்தக் காலத்தில்தான் குழுவின் பெயர் பேட்ஃபிங்கர் என்று மாறியது. அந்தப் பெயரும் பீட்டில்ஸ் பாடல் ஒன்றின் தற்காலிகத் தலைப்பிலிருந்து எடுக்கப்பட்டதுதான்.

பாடல் பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் முதல் பத்து இடங்களுக்குள் வந்தது. ஒரு குழுவின் முதல் வெற்றி இரவல் மெட்டாக அமைவது நல்ல தொடக்கம் அல்ல. அதை முன்னின்று பாடியதும் ஹாம் அல்லர், எவன்ஸ். ஆயினும் ‘பீட்டில்ஸ் சாயல்’ என்ற முத்திரை ஹாமின் மீதும் விழுந்தது. அந்த முத்திரையைக் குத்தியவர்கள் அடுத்த ஆண்டு வந்த பாடலைக் கவனமாகக் கேட்டிருந்தால் அதைத் திரும்பப் பெற்றிருக்கலாம்.

நிபந்தனை இல்லாத குரல்

அந்தப் பாடல் ‘நோ மேட்டர் வாட்’. 1970ல் வெளியாகிப் பிரிட்டனில் ஐந்தாம் இடத்தையும் அமெரிக்காவில் எட்டாம் இடத்தையும் பிடித்தது. மால் எவன்ஸ் தயாரித்தார். லிவர்பூல்காரரான ஜோயி மொலண்ட் இரண்டாவது கிதார் கலைஞராகக் குழுவில் சேர்ந்திருந்த நேரம் அது.

பாடலின் கருத்து மிக எளியது. நேசிக்கப்படுபவரிடம் எந்த நிபந்தனையும் வைக்காத ஒருவன் பேசுகிறான். எல்லா முடிவையும் அவள் கையில் விட்டுவிடுகிறான். சொற்களை மட்டும் வைத்துப் பார்த்தால் இது முழுமையான சரணாகதி. ஆனால் இசை சரணடையவில்லை. முதல் நொடியிலேயே கிதார் குட்டையான, கனமான, வெட்டி வெட்டி வரும் ஒலியுடன் நுழைகிறது. கைத்தட்டல்கள் சேருகின்றன. ஹாமின் குரல் மன்றாடுவதே இல்லை, நிமிர்ந்து நிற்கிறது. பாடல் முடிந்துவிட்டது என்று கேட்பவர் நினைக்கும் ஓர் இடத்தில் எல்லாம் சட்டென நின்று, மறுபடி தொடங்குகிறது. அந்தச் சிறு மௌனம் விளையாட்டாகவும் இருக்கிறது, உறுதிமொழியை இன்னொருமுறை சொல்வதாகவும் இருக்கிறது.

ஹாமின் தனித்தன்மை இங்கேதான். அவர் சொற்கள் விட்டுக்கொடுக்கின்றன, அவர் இசை ஊன்றி நிற்கிறது. கெஞ்சும் சொல்லுக்குக் கெஞ்சும் இசையை அமைப்பது எளிது. அப்படி அமைந்த காதல் பாடல்கள் ஆயிரக்கணக்கில் உண்டு. கெஞ்சும் சொல்லை உரத்த கிதாரின் மேல் ஏற்றி, அதைப் பலவீனமாகத் தோன்றாமல் செய்வது அரிது. பீட்டில்ஸிடமிருந்து ஹாம் கற்றது குரல்களை அடுக்கும் முறை. இந்த மனநிலை அவருடையது. பீட்டில்ஸ் பாடல்களில் பெரும்பாலும் ஒரு கூர்மையான கிண்டல், ஒரு தன்னுணர்வு இருக்கும். ஹாமிடம் அது இல்லை. சிலருக்கு இது குறையாகத் தெரியலாம்.

குறைகளும் உண்டு. ஹாமின் சொல்வளம் சிறியது. ஒரே வகை எதுகைகள் அடிக்கடி வருகின்றன. ஒரு காட்சியைத் துல்லியமாகச் சொல்லும் பாடல்கள் மிகச் சில. ‘மிட்நைட் காலர்’ அவற்றில் ஒன்று. இரவில் தனியே வீடு திரும்பும் ஒரு பெண்ணை, எந்தத் தீர்ப்பும் சொல்லாமல் பியானோவின் துணையுடன் காட்டுகிறது. இத்தகைய பாடல்களை அவர் இன்னும் எழுதியிருக்கலாம் என்று தோன்றும்.

ஒரு பாடல், மூன்று குரல்கள்

‘நோ டைஸ்’ (1970) தொகுப்பின் முதல் பக்கத்தில் ‘நோ மேட்டர் வாட்’ ஐந்தாவது பாடல். அதற்கு அடுத்ததாக, பக்கத்தின் கடைசியில், ‘வித்தவுட் யூ’ இருக்கிறது. குழுவோ நிறுவனமோ அதைத் தனிப்பாடலாக வெளியிடவில்லை. பாடலின் மதிப்பை அதை எழுதியவர்களே அப்போது முழுதாக உணரவில்லை என்றுதான் எண்ணவேண்டியிருக்கிறது.

இப்பாடல் உருவான விதம் பலமுறை சொல்லப்பட்டது. ஹாமிடம் நல்ல சரணம் ஒன்று இருந்தது, அதற்குப் பொருத்தமான பல்லவி இல்லை. எவன்ஸிடம் ஒரு பல்லவி இருந்தது, அதற்குச் சரணம் இல்லை. இரண்டையும் ஒட்டினார்கள். ஒட்டிய தையல் இன்றும் காதில் விழும். சரணத்தில் பேசுபவன் பிரிவை ஏற்றுக்கொண்டுவிட்டவன். எதிரில் இருப்பவரின் முகத்தைப் பார்த்துக்கொண்டே, தன் வருத்தத்தை அடக்கிப் பேசுகிறான். பல்லவி வந்ததும் அந்த அடக்கம் உடைகிறது. அங்கே இருப்பது நேரான ஓலம். இரண்டு மனிதர்கள் எழுதியதால் பாடலுக்குள் இரண்டு மனிதர்கள் இருக்கிறார்கள். அல்லது, பிரிவைச் சந்திக்கும் எவரிடமும் உள்ள இரண்டு நிலைகள் என்றும் கொள்ளலாம். தற்செயலாக நடந்த ஒட்டுவேலை, திட்டமிட்டு எழுதியிருந்தால் கிடைத்திருக்காத ஓர் உண்மையைப் பாடலுக்குத் தந்தது.

அமெரிக்கப் பாடகர் ஹாரி நில்சன் இப்பாடலைக் கேட்டபோது அது பீட்டில்ஸ் பாடல் என்றே நினைத்தார். பீட்டில்ஸ் இசைத்தட்டுகளில் தேடிக் கிடைக்காத பிறகுதான் உண்மை தெரிந்தது. ரிச்சர்ட் பெரி தயாரிப்பில், பால் பக்மாஸ்டர் அமைத்த தந்தி வாத்தியங்களுடன் 1971ல் நில்சன் அதைப் பாடினார். 1972ன் தொடக்கத்தில் அமெரிக்காவில் நான்கு வாரமும் பிரிட்டனில் ஐந்து வாரமும் முதலிடத்தில் இருந்தது. நில்சனுக்கு கிராமி விருது கிடைத்தது. 1994ல் மரையா கேரி பாடி மறுபடியும் பிரிட்டனில் முதலிடத்துக்குக் கொண்டுவந்தார். நில்சன் காலமான அதே ஜனவரி மாதத்தில் அந்தப் பதிவு வெளியானது.

மூன்று பதிவுகளையும் அடுத்தடுத்துக் கேட்டால் ஒரு பாடல் பாடகரின் கையில் எவ்வளவு மாறக்கூடும் என்பது விளங்கும். பேட்ஃபிங்கர் பதிவில் ஹாம் சரணத்தைப் பாடுகிறார். பல்லவியில் குரல்கள் சேர்கின்றன. ஓலம் ஒருவருடையதாக இல்லாமல் ஒரு கூட்டத்தினுடையதாகிறது. பின்னால் ஆர்கனும் கிதாரும் ஒலிக்கின்றன. தயாரிப்பு சற்று மங்கலானது, முடிவும் இழுக்கிறது. நில்சன் செய்தது வேறு. பியானோவை மட்டும் வைத்து மெல்லத் தொடங்கி, பல்லவியைத் தனிக்குரலுக்குக் கொடுத்து, மறுமுறை வரும்போது அதை மேல் ஸ்தாயிக்கு ஏற்றினார். கேட்பவர் உடல் சிலிர்க்கும் இடம் அது. பாடலுக்கு உலகப்புகழ் கிடைத்தது நில்சனால்தான் என்பதில் ஐயமில்லை. கேரி பெரும்பாலும் நில்சனையே பின்பற்றினார்.

ஆனால் அந்தப் புகழுக்கு ஒரு விலை இருந்தது. நில்சனுக்குப் பிறகு ‘வித்தவுட் யூ’ குரல்வளத்தைக் காட்டும் பாடலாகிவிட்டது. பாட்டுப்போட்டி மேடைகளில் அதைத் தேர்ந்தெடுப்பவர்கள் எல்லோரும் பல்லவியின் உச்சத்துக்காகவே தேர்ந்தெடுக்கிறார்கள். சரணம் அந்த உச்சத்துக்கு ஏறும் படிக்கட்டாகச் சுருங்கியது. அதாவது, ஹாம் எழுதிய பகுதி பின்னுக்குப் போய் எவன்ஸ் எழுதிய பகுதி முன்னுக்கு வந்தது. பேட்ஃபிங்கர் பதிவில் எடை சரணத்தில் இருக்கிறது. அடக்கிக்கொண்டு பேசும் அந்தக் குரலைக் கேட்டபின் வேறு எந்தப் பதிவிலும் சரணம் நிறைவளிப்பதில்லை. ஒட்டுமொத்தப் பாடலாக நில்சன் பதிவு சிறந்தது. பாடலின் முதல் பாதிக்கு ஹாமே சிறந்தவர் என்று சொல்வது இரண்டு தரப்புக்கும் நியாயமாக இருக்கும்.

‘ஸ்ட்ரெய்ட் அப்’

குழுவின் ஆகச்சிறந்த தொகுப்பு 1971 டிசம்பரில் அமெரிக்காவில் வெளியான ‘ஸ்ட்ரெய்ட் அப்’. ஜெஃப் எமெரிக் தயாரித்த முதல் வடிவத்தை ஆப்பிள் ஏற்கவில்லை. ஜார்ஜ் ஹாரிசன் பொறுப்பேற்றுச் சில பாடல்களைப் பதிவுசெய்தார். நடுவில் வங்கதேச அகதிகளுக்கு நிதி திரட்டும் இசைநிகழ்ச்சியை ரவிசங்கருடன் இணைந்து நடத்த அவர் செல்லவேண்டியிருந்தது. 1971 ஆகஸ்ட் 1 அன்று நியூயார்க்கின் மாடிசன் ஸ்கொயர் கார்டனில் நடந்த அந்நிகழ்ச்சியில் பேட்ஃபிங்கர் குழுவினரும் மேடையில் இருந்தனர். ஒரு பாடலுக்கு ஹாரிசனும் ஹாமும் மட்டும் இரண்டு கிதார்களுடன் முன்னே வந்து நின்றனர். அந்தப் படத்தைப் பார்ப்பவர்களுக்கு, பெரிய மேடையில் நிற்கும் கூச்சம் மாறாத ஓர் இளைஞர் தெரிவார். தொகுப்பை இறுதியில் டாட் ரண்ட்கிரென் முடித்துக் கொடுத்தார்.

‘டே ஆஃப்டர் டே’ ஹாரிசன் தயாரித்த பாடல்களில் ஒன்று. ஹாரிசனும் ஹாமும் சேர்ந்து ஸ்லைட் கிதார் வாசித்தனர், லியோன் ரஸ்ஸல் பியானோ வாசித்தார். அமெரிக்காவில் நான்காம் இடம் வரை சென்றது. இப்பாடலில் ஸ்லைட் கிதார்தான் உண்மையில் பேசுகிறது. கம்பிமேல் வழுக்கிச் செல்லும் அந்த ஒலி நம் காதுகளுக்குக் கமகத்தை நினைவூட்டும். ஏக்கத்தைச் சொல்லும் பொறுப்பைக் கிதாரிடம் விட்டுவிட்டு, சொற்கள் தினசரி வாழ்வின் தொனியில் அமைகின்றன.

‘பேபி ப்ளூ’ இதற்கு எதிர்த்திசையில் நிற்கிறது. அமெரிக்கச் சுற்றுப்பயணத்தில் அறிமுகமான ஒரு பெண்ணை நினைத்து ஹாம் எழுதியது. பாடல் ஒரு குற்ற ஒப்புதலுடன் தொடங்குகிறது. காக்கவைத்தவன், கவனிக்காமல் விட்டவன் தானே என்று பேசுபவன் ஏற்றுக்கொள்கிறான். இத்தகைய ஒப்புதலுக்கு மேல் ஒலிப்பதோ, அந்தக் காலத்தின் மிகத் துடிப்பான கிதார் தொடக்கங்களில் ஒன்று. குற்றவுணர்வும் துள்ளலும் ஒன்றையொன்று அழிக்காமல் மூன்றரை நிமிடம் ஓடுகின்றன. ஹாம் எழுதியவற்றுள் பவர் பாப்பின் இலக்கணத்துக்கு மிகப் பொருத்தமான பாடல் இதுவே. ஆப்பிள் நிறுவனத்தின் குழப்பத்தில் அக்காலத்தில் பிரிட்டனில் தனிப்பாடலாக வெளியாகவே இல்லை.

கணக்கு

1970ல் பேட்ஃபிங்கர் குழு ஸ்டான் போலி என்னும் நியூயார்க் மேலாளருடன் ஒப்பந்தம் செய்துகொண்டது. குழுவின் வருமானம் முழுவதும் ஒரு நிறுவனத்துக்குச் செல்லும், உறுப்பினர்கள் சம்பளம் பெறுவார்கள் என்பது ஏற்பாடு. 1970 டிசம்பர் முதல் 1971 அக்டோபர் வரையிலான கணக்கு அறிக்கை பின்னர் வெளியே வந்தது. அந்தக் காலத்தில் ஹாமுக்குச் சம்பளமும் முன்பணமுமாகக் கிடைத்தது 5,959 டாலர். நான்கு பேரில் அதுவே குறைவு. மேலாளரின் தரகு 75,744 டாலர். வேறெந்த விமர்சனமும் இந்த இரண்டு எண்களைவிடத் தெளிவாகப் பேசாது.

ஆப்பிளுக்காகச் செய்த கடைசித் தொகுப்பான ‘ஆஸ்’ 1973ல் வந்தது. அதில் ஹாம் எழுதியவை இரண்டே பாடல்கள். முதல் பாடலான ‘ஆப்பிள் ஆஃப் மை ஐ’, தங்களை வளர்த்த நிறுவனத்துக்கு அவர் எழுதிய விடைமடல். வஞ்சம் இல்லாத, நன்றி மறவாத பாடல். உறையிலோ, வானத்திலிருந்து நீட்டப்பட்ட பெரிய கேரட்டைப் பார்த்துக்கொண்டிருக்கும் கழுதையின் ஓவியம். உறையில் இருக்கும் கசப்பு ஹாமின் பாடலில் இல்லை என்பது கவனிக்கத்தக்கது.

பெரிய தொகைக்கு வார்னர் நிறுவனத்துடன் புதிய ஒப்பந்தம் ஏற்பட்டது. 1974ல் இரண்டு தொகுப்புகள் வந்தன. இரண்டாவதான ‘விஷ் யூ வேர் ஹியர்’ (பிங்க் ஃபிளாய்டின் அதே பெயர்கொண்ட புகழ்பெற்ற தொகுப்புக்கு ஓராண்டு முந்தையது) கிறிஸ் தாமஸ் தயாரிப்பில் உருவானது. ‘ஸ்ட்ரெய்ட் அப்’ தொகுப்புக்கு இணையாக வைக்கத்தக்கது இது ஒன்றே. தொடக்கப் பாடலான ‘ஜஸ்ட் எ சான்ஸ்’ முழுவேகத்தில் பாய்கிறது. ‘டென்னிஸ்’ ஒரு சிறுவனுக்காக எழுதப்பட்டது. மெட்டு மூன்று நான்கு முறை திசை மாறி, முடிவில் மிக விரிந்த ஒத்திசைவில் சென்று சேர்கிறது. ஹாம் மூன்று நிமிடச் சட்டகத்தை விட்டு வெளியே வரத் தொடங்கியிருந்தார் என்பதற்கு இப்பாடலே சான்று. அவர் வளர்ச்சி முடிந்துவிட்டது என்று சொல்ல இங்கே எந்தக் காரணமும் இல்லை.

அத்தொகுப்பு கடைகளில் சில வாரங்களே இருந்தது. முன்பணத்தில் பாதுகாப்பாக ஒதுக்கிவைத்திருக்க வேண்டிய தொகை என்ன ஆயிற்று என்பதற்கு மேலாளர் தரப்பிலிருந்து விளக்கம் கிடைக்காததால் வார்னரின் பதிப்புரிமைப் பிரிவு வழக்குத் தொடுத்தது. 1975ன் தொடக்கத்தில் தொகுப்பு விற்பனையிலிருந்து திரும்பப் பெறப்பட்டது. அதற்குள் பதிவுசெய்து முடித்திருந்த ‘ஹெட் ஃபர்ஸ்ட்’ என்ற அடுத்த தொகுப்பும் கிடப்பில் போனது. சம்பளம் நின்றது. ஹாமின் துணைவி அப்போது கர்ப்பிணி. 1975 ஏப்ரல் 24 அன்று, 28ஆம் பிறந்தநாளுக்கு மூன்று நாள் முன்பு, ஹாம் உயிரை மாய்த்துக்கொண்டார். விட்டுச்சென்ற குறிப்பில் மேலாளரைக் குற்றம்சாட்டியிருந்தார். ஒரு மாதம் கழித்து மகள் பிறந்தாள். 1983ல், பாடல் வருமானம் தொடர்பான தகராறுகள் நீடித்திருந்த காலத்தில், டாம் எவன்ஸும் அதே முடிவைத் தேடிக்கொண்டார். ‘வித்தவுட் யூ’ பாடலை எழுதிய இருவருமே இவ்வாறு மறைந்தனர்.

முடிவிலிருந்து படிப்பது

இந்த இரு மரணங்களையும் ‘வித்தவுட் யூ’ பாடலின் பல்லவியோடு இணைத்து எழுதுவது பத்திரிகைகளில் வழக்கமாகிவிட்டது. அந்தப் பல்லவி வாழ்வின் மீதான பிடிப்பு தளர்வதைப் பற்றியது என்பதால் அவ்வாறு எழுதுவது எளிது. ஆனால் அது தவறான வாசிப்பு. அதை எழுதியபோது இருவரும் இருபதுகளின் தொடக்கத்தில், வெற்றியின் வாசலில் இருந்தனர். காதலனின் மிகைக்கூற்றைச் சாவோலையாகப் படித்தால் உலகின் பாதிக் காதல் பாடல்களை அப்படிப் படிக்கவேண்டிவரும். மேலும், அந்தப் பல்லவி எவன்ஸ் எழுதியது. ஹாமின் வாழ்க்கைக்கு விளக்கம் தேடுபவர்கள் அவர் எழுதாத பகுதியை எடுத்துக்கொள்வது வேடிக்கைதான்.

இதற்கு மறுபுறம் இன்னொரு கவர்ச்சியும் உண்டு. பாடலில் எதையும் நிபந்தனையின்றிக் கொடுப்பவர், ஒப்பந்தத்திலும் அப்படியே கொடுத்துவிட்டார் என்று சொல்வது. இது ஓரளவு நியாயமாகத் தோன்றலாம். பிறரை நம்புவது அவர் இயல்பு என்று உடன் இருந்தவர்கள் பலர் சொல்லியிருக்கிறார்கள். ஆனாலும் நான்கு பேரும்தான் கையெழுத்திட்டார்கள், நான்கு பேரும்தான் ஏமாந்தார்கள். மற்ற மூவரும் ஹாமைப் போலப் பாடல் எழுதியவர்கள் அல்லர். பணக்கணக்கில் நடந்த அநீதிக்குப் பாடலின் குணத்தைக் காரணமாக்கினால், பொறுப்பு ஏமாற்றப்பட்டவர் தலையில் வந்து சேரும்.

பின்னர் வந்தவை

பார்க் அவென்யூ வீட்டிலும் பிற இடங்களிலும் ஹாம் தனியே பதிவுசெய்த பாடல்கள் ‘7 பார்க் அவென்யூ’ (1997), ‘கோல்டர்ஸ் கிரீன்’ (1999) என்ற இரு தொகுப்புகளாக வந்தன. பழைய பதிவுகள் சிலவற்றில் புதிதாக வாத்தியங்களைச் சேர்த்திருக்கிறார்கள். அது தேவையில்லாத வேலை. ‘ஹெட் ஃபர்ஸ்ட்’ 25 ஆண்டுகள் கழித்து, 2000ல் வெளியானது. 2013ல் ஸ்வான்சீயில் அவருக்கு நினைவுப்பலகை வைக்கப்பட்டது. அதே ஆண்டு செப்டம்பரில், ‘பிரேக்கிங் பேட்’ என்னும் அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரின் கடைசிக் காட்சியில் ‘பேபி ப்ளூ’ ஒலித்தது. அடுத்த சில நாள்களில் இணையத்தில் அதன் விற்பனை சட்டென உயர்ந்தது. அந்தக் காட்சியில் தன் தவறுகளின் நடுவே நிற்கும் ஒரு மனிதனுக்குப் பின்னால் பாடல் ஓடுகிறது. குற்ற ஒப்புதலும் துள்ளலும் சேர்ந்த அந்தப் பாடலுக்கு அதைவிடப் பொருத்தமான இடம் கிடைத்திருக்காது. தேர்ந்தெடுத்தவர் பாடலை உண்மையாகவே கேட்டவர்.

ஹாமைப் புதிதாகக் கேட்கத் தொடங்கும் மாணவர்கள் ‘நோ மேட்டர் வாட்’, ‘பேபி ப்ளூ’ இரண்டையும் முதலில் கேட்கலாம். அடுத்து ‘டே ஆஃப்டர் டே’. ‘வித்தவுட் யூ’ பாடலைக் கேட்கும்போது நில்சனின் பதிவைச் சிறிது தள்ளிவைத்துவிட்டு ‘நோ டைஸ்’ தொகுப்பில் உள்ளதைக் கேட்கவேண்டும். முதல் சரணம் முடியும்வரை ஒலியைக் கூட்ட வேண்டாம். கடைசியாக, ‘டென்னிஸ்’.